புதியவர் கேட்கட்டும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

இலக்கியச் சுவைஞர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் சிறிது காலம் வாய் திறவாமல் கேட்டுப் பழக வேண்டுமா, முதல் நாளே கேள்வி எழுப்பலாமா என்பது இன்றைய வழக்கு. முதல் நாளே எழுப்பலாம், அதை மூத்தவர்கள் முகமலர்ந்து ஏற்கவும் வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

கம்பராமாயணம் வாசிக்கும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் புதிதாக வந்து, "இராமன் ஏன் மறைந்து நின்று அம்பெய்தான்?" என்று கேட்பதாகவும், அதற்கு விடை சொல்வதிலேயே மாலைப்பொழுது வீணாவதாகவும் எதிரணித் தலைவர் வருந்தினார். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் வாலியல்லவா? மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருந்த பெயரைப் படித்துவிட்டு அவன் கேட்டான். கம்பர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. வாலியை அடுக்கடுக்காகக் குற்றஞ்சாட்டவிட்டார், இராமனை மறுமொழி கூறவைத்தார், மறைந்து நின்றதற்கான விடையை மட்டும் இலக்குவன் வாயில் வைத்தார். இராமனே ஏன் அதைச் சொல்லவில்லை? பல்லாண்டு பயின்றவர்களும் தீர்க்க முடியாமல் திகைக்கும் இந்த வினாவுக்கு, புதியவர் கேட்ட அந்த எளிய கேள்வியின் வழியாகத்தான் வந்து சேர்கிறோம்.

அடிப்படை அறியாதவர் பேசினால் குழுவின் தரம் தாழும் என்றார் மற்றொரு நண்பர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். பல நூல் கற்றவர்தாம் என்றாலும், சமண மரபு அவருக்குப் புதிது. பல இடங்களில் பொருள் பிடிபடவில்லை. ஐயம் கேட்க அவ்வூர்ச் சமணர் இல்லத்தை நாடிச் சென்றபோது, அங்கே சிந்தாமணி வாசிப்பு நிறைவெய்தியதைத் தோரணம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வேற்றுச் சமயத்தவர், தங்கள் மரபின் அரிச்சுவடியும் அறியாதவர் என்று அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியதில் அந்த வீட்டாரின் பொறுமைக்கும் பங்குண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது.

நன்னூல் என்னும் இலக்கண நூலும் வினாதல், வினாயவை விடுத்தல், அதாவது கேள்வி கேட்டல், கேட்டவற்றுக்கு விடை கூறல் ஆகிய இரண்டையும் பாடம் கேட்பவனுக்கே உரிய கடமைகளாகச் சொல்கிறது. அப்படியானால் விடை கூறும் மூத்தவரும் அந்த நேரத்தில் மாணவரே.

நேரம் போதவில்லை என்பது நியாயமான கவலைதான். கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தைப் புதியவர்களுக்கென்று ஒதுக்கினால் அது தீரும். "உரையைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லப்பட்டவர் உரையைப் படிப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வருவதுமில்லை. பின்வரிசையில் அமர்ந்து, கேள்வியை நோட்டில் எழுதி, அதை இருமுறை திருத்தி, கேட்கத் துணிவின்றி மூடிவைத்துக்கொண்டு போன இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அரைமணி நேரம் அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.