வலிக்காத புண்ணை விட்டுவிடாதீர்கள்

பிறப்புறுப்பில் ஒரு சின்னப் புண். வலி இல்லை, அரிப்பு இல்லை. உடம்பு சூடு என்று நினைத்து இளநீர் குடித்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு களிம்பும் வாங்கிப் போட்டு, சில வாரங்களில் அது ஆறியும் விடுகிறது. அப்பாடா என்று இருந்துவிடுகிறோம். இந்த வீடியோவே அந்த 'அப்பாடா'வுக்காகத்தான். அது சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண்ணாக இருந்தால் களிம்பு போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறியிருக்கும். ஆறியது தோல் மட்டும்தான், கிருமி அதற்குள் ரத்தத்தில் கலந்திருக்கும்.

பழைய ஆட்கள் மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் சொல்வதில் இதுவும் அடங்கும். சுருள் வடிவ பாக்டீரியா ஒன்றுதான் காரணம். உறவு நடந்து 9 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் புண் தெரியும், தொட்டால் அடியில் பொத்தான் வைத்ததுபோல் கெட்டியாக இருக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. ஆசனவாயிலோ வாய்க்குள்ளோ வரலாம். பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் கண்ணுக்கே தெரியாது.

(திரையில்: உள்ளங்கை, உள்ளங்கால் படம்)

சில வாரங்கள் கழித்து உடம்பில் தடிப்புகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த புள்ளிகள், பெரும்பாலும் அரிக்காது. கூடவே காய்ச்சல், தொண்டை வலி, அங்கங்கே முடி கொட்டுவது. அலர்ஜி என்று மாத்திரை போடுகிறோம், இதுவும் மறைந்துவிடும். பிறகு பல வருடங்கள் சத்தமே இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் சிலருக்கு இதயத்தின் பெரிய ரத்தக்குழாயும் மூளையும் கெடும். கண்ணும் காதும் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்படலாம்.

கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை போதும், வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்பார்கள். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன இடத்தில்தான் சிலருக்கு இது தெரியவே வருகிறது, விசா கைக்கு வரும் நேரத்தில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை! ஒன்று கவனியுங்கள்: புண் வந்த முதல் ஓரிரு வாரத்தில் ரிசல்ட் நெகட்டிவ் என்று வரலாம். சந்தேகம் இருந்தால் மறுபடி பாருங்கள்.

சரி, சிகிச்சை. 1943-இல் பென்சிலினால் சிபிலிஸைக் குணப்படுத்தினார்கள், இன்றுவரை இந்தக் கிருமி பென்சிலினை எதிர்த்து நிற்கப் பழகவில்லை. பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பிட்டத்தில் ஊசி. கெட்டியான மருந்து, வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொற்றி ஒரு வருடத்துக்குள் என்றால் ஒரே தடவை போதும். அதைத் தாண்டியிருந்தால், அல்லது எப்போது வந்தது என்றே தெரியாவிட்டால், வாரம் ஒன்றாக மூன்று வாரம். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் குளிர்காய்ச்சல், தலைவலி வரலாம், கிருமிகள் சாவதால் வருவது அது, மறுநாள் அடங்கிவிடும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அது வேறு, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள், தொற்றி ஒரு வருடத்துக்குள் என்றால் 14 நாள், அதைத் தாண்டியிருந்தால் 28 நாள், கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது கூடாது. கடையில் அசித்ரோமைசின் கேட்டு வாங்கிப் போட வேண்டாம், அந்த மருந்துக்கு மசியாத சிபிலிஸ் கிருமிகள் உலகில் பல இடங்களில் பரவிவிட்டன.

மனைவிக்கோ கணவருக்கோ துணைக்கோ சொல்லித்தான் ஆக வேண்டும். கடந்த 90 நாளில் உறவில் இருந்தவர் என்றால் பரிசோதனை நெகட்டிவ் ஆனாலும் ஊசி போடுவார்கள். அவர்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போட்டால் திரும்பவும் உங்களுக்கே வரும், ஒரு தடவை வந்ததால் எதிர்ப்புச் சக்தி எதுவும் கிடைக்காது. கர்ப்பத்தில் இருந்தால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், தொற்றோடு பிறக்கலாம். முதல் செக்கப்பிலேயே பரிசோதனை செய்து ஊசி போட்டால் இத்தனையையும் தடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் 6 மாதத்திலும் 12 மாதத்திலும் மறுபடி ரத்தம் பாருங்கள். வி.டி.ஆர்.எல். ரிப்போர்ட்டில் ஒரு அளவு போட்டிருக்கும், அது நான்கில் ஒரு பங்காகவாவது குறைய வேண்டும்: முதலில் 1:32 இருந்தது 1:8 அல்லது அதற்கும் கீழே வந்திருக்க வேண்டும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனை குணமான பிறகும் பாசிட்டிவாகவே காட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையம், நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும், பரிசோதனை இலவசம். 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம். உள்ளே போய் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால், "வி.டி.ஆர்.எல். பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.