விஸ்ரோப் தானுங்க நமக்கு வாத்தியாரு

நடுவர் ஐயாவுக்கும், முன்னால பாய் போட்டு ஒக்காந்திருக்கற அப்புச்சி, அம்முச்சிகளுக்கும், தறிய நிறுத்திப்போட்டு வந்திருக்கற அண்ணன்மாருக்கும் வணக்கமுங்க. பொங்கல் மேடைல வீடியோ கேமப் பத்தி தலைப்பு குடுத்ததுக்கே நடுவருக்கு ஒரு கும்புடு போட்டுக்கறேன். செல்டா கேம் ஆடறவன தேத்தி விடறது கடைசில வர்ற கேனனா, வழி நெடுக வர்ற விஸ்ரோபா, இதுதானுங்க தலைப்பு. எனக்கு முன்னால பேசுன எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு, விஸ்ரோப் ஒரு சில்லற எதிரி, ஒரே அம்புல போயிருவான், அவனுக்கு எதுக்கு இத்தன பேச்சுன்னு கேட்டுப்போட்டு ஒக்காந்துட்டாரு. அந்த ஒரு அம்பு கதைக்கு கடைசில வர்றனுங்க.

ஆடாதவங்களுக்காக ரெண்டு வார்த்த. 1986ல ஜப்பான்ல நிண்டெண்டோ கம்பெனி விட்ட கேம் இது, இன்னிக்கு வரைக்கும் புதுசு புதுசா வந்துட்டே இருக்குது. லிங்க்னு ஒரு பையன், அவன்தான் நாம. கேனன் பெரிய அரக்கன். விஸ்ரோப் யாருன்னா நீள அங்கி போட்ட மந்திரவாதி, திடீர்னு தோணுவான், மந்திரத்த விடுவான், மறஞ்சு போயிருவான், எங்க போனான்னு நாம திரும்பிப் பாக்கறதுக்குள்ள பொறகால நிப்பான்.

மொத கேம்ல ஆறாவது குகைன்னு ஒன்னு இருக்குதுங்க. ஆடுனவங்களுக்கு அந்தப் பேரக் கேட்டாலே கை வேர்க்கும். நான் அத ஆடுனப்போ பெரியப்பா வீட்டுல, பக்கத்து செட்டுல தறி ஓடுற சத்தத்துல டிவி சத்தமே கேக்காது, அதனால கண்ணால மட்டுமே பாத்து ஆடோணும். ஆரஞ்சு கலர் விஸ்ரோப் தோணி தோணி மறையறான், நீலக் கலர் விஸ்ரோப் அதுக்கும் மேல, கல்லுக்கு உள்ளயே பூந்து நடந்து வர்றான், நேர்க்கோட்டுல நாம நின்னோம்னா விட்டான் பாருங்க ஒன்னு. கைல இருக்கற சின்னக் கேடயம் அத தடுக்காதுங்க, பெரிய மந்திரக் கேடயம் வேணும். அது கடைல விக்கறாங்க, ஒரு கடைல 90 ரூபி, அந்த கேமோட காசுங்க அது, இன்னொன்னுல 130, இன்னொன்னுல 160, சந்தைல தக்காளி வெல மாதிரி, அலஞ்சு பாத்தவனுக்குத்தான் கம்மி வெல. சரி வாங்கிட்டு வந்தாச்சுன்னு உள்ள போனா அதே குகைல லைக் லைக்குன்னு ஒரு கொழகொழ பூச்சி, ஆளப் புடிச்சு கேடயத்த முழுங்கிரும். இப்ப ரூமுக்குள்ள ரெண்டு பேரும் இருக்கறாங்க, யார மொதல்ல அடிக்கறது, எங்க நிக்கறது, எப்ப ஒதுங்கறது, எல்லாம் கண்ண மூடித் தொறக்கற நேரத்துல முடிவு பண்ணோணும். ஏழெட்டு தடவ செத்துட்டு எட்டாவதோ ஒம்பதாவதோ தடவ அந்த ரூம தாண்டுனனுங்க. அந்தக் குகைல கெடைக்கற மந்திரக்கோல் இருக்குது பாருங்க, அது விடறதும் விஸ்ரோப் விடற அதே மாதிரி மந்திரம்தான். வாத்தியாரு வித்தையும் சொல்லிக் குடுத்து, கைல கோலும் குடுத்தனுப்பற எடமுங்க அது!

அண்ணன் கேனனப் பத்தி அவ்வளவு பேசுனாரே, அந்த மொத கேம்ல கடைசி குகைல கேனன் எப்படி சண்ட போடறான்? கண்ணுக்குத் தெரியாம மறஞ்சு நின்னுட்டு மந்திரம் விடறான். எங்க இருப்பான்னு யூகம் பண்ணி கத்திய வீசோணும், அப்பறம் வெள்ளி அம்பு. மறஞ்சு நின்னு அடிக்கறவன எப்படிப் பாக்கறதுன்னு நம்ம கண்ணு அதுக்கு முன்னாடியே பழகிருச்சு, பழக்குனவன் யாருன்னு நான் சொல்லோணுங்களா?

எல்லா செல்டாவுலயும் விஸ்ரோப் இல்லைங்க, 1998ல வந்த ஒக்காரினா ஆஃப் டைம்ல அவன் கெடையாது, ஒத்துக்கறேன். ஆனா 2000ல வந்த மஜோராஸ் மாஸ்க்ல யாரு இல்ல? கேனன் இல்ல! பனி மலைக் கோயில்ல விஸ்ரோப் இருக்கறான், ரூமுக்குள்ள எந்த மேடைல தோணுவான்னு கண்ணு வெச்சுட்டே இருந்து அடிச்சாத்தான் தீ அம்பு கெடைக்கும், அந்தக் கோயில்ல ஒறஞ்சு கெடக்கற பனியக் கரைக்கறதுக்கு அதுதான் வேணும். விண்ட் வேக்கர்னு இன்னொரு செல்டால பறவ மூக்கு வெச்சுட்டு வந்து மத்த பூதங்களக் கூப்பிட்டு விடுவான். ஆளு ஒன்னு, ஒவ்வொரு தடவையும் பாடம் வேற.

2017ல வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட்ல இவன் செய்யறது நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் நல்லாப் புரியும். பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஆனி ஆடில வர்ற காத்து நம்ம பல்லடம், உடுமலப் பக்கம் என்ன பண்ணும்னு தெரியுமுங்களே, வானம் மாறுனா நம்ம வேலையே மாறிப் போயிரும். விஸ்ரோப் வானத்தையே மாத்தறானுங்க. மேல ஏறி நின்னு மந்திரம் போட்டா பனிக்காத்து, இன்னொருத்தன் போட்டா இடி மழ. இடி மழைல இரும்புக் கத்தி, இரும்புக் கேடயம் வெச்சிருந்தா மின்னல் நம்ம மேலயே விழும். என்ற அப்புச்சி தோட்டத்துல தண்ணி கட்டறப்ப இடி இடிச்சா மம்முட்டிய அங்கயே போட்டுட்டு சாளைக்கு வந்துருவாரு, அதேதான், கத்திய கழட்டிப்போட்டு மரக்கட்ட ஆயுதம் எடுக்கோணும். அவன் நடக்கறப்ப ஆளே தெரியாது, காத்துல தண்ணி வட்டம் மாதிரி ஒரு சொழி மட்டும் தெரியும், அந்தச் சொழி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டே இருக்கறவன்தான் பொழைப்பான். அவன அடிச்சு வுழுத்துன ஒடனே வானம் தெளிஞ்சுரும் பாருங்க, அந்த நிமிசம் மனசுக்குள்ள ஒரு குளிர்ச்சி, அத எந்த அரக்கன அடிச்சும் நான் பாத்ததில்லைங்க.

அதே கேம்ல ஆரம்பத்து மேட்டுல இருந்து எறங்குன ஒடனே நேரா கேனன்கிட்ட போயரலாமே, வழில விஸ்ரோப் எதுக்குன்னு அண்ணன் கேட்டாரு. போலாமுங்க. ஆனா அப்படிப் போயி செயிக்கறவங்க யாரு, நூறு தடவ ஆடி எல்லாத்தையும் கத்துட்டு வந்தவங்கதானே, மொத நாள் ரிமோட் புடிச்சவனா?

இப்ப அந்த ஒரு அம்பு. தீ விஸ்ரோப்னா பனி அம்பு, பனி விஸ்ரோப்னா தீ அம்பு, சரிதானுங்க, ஒன்னுல போயிருவான். ஆனா அத எப்படிக் கண்டுபுடிச்சோம்? மாத்தி விட்டு, அடி வாங்கி, தீஞ்சு, ஒறஞ்சு அப்பறம்தானே. பழங்கால அம்புன்னு ஒன்னு இருக்குது, அது எந்த விஸ்ரோப் மேல பட்டாலும் காணாமப் போயிருவான், கூடவே அவன் வெச்சிருந்த கோலும் போயிரும், கைல ஒன்னும் நிக்காது, அத நான் கணக்குல எடுக்கலைங்க. மின்னல் விஸ்ரோப்னு ஒருத்தன் இருக்கறான். தீயோ, பனியோ, மின்னலோ, இந்த மூனு அம்புல அவன ஒன்னுல சாய்க்கற அம்பு எதுன்னு அண்ணன் இந்த மைக்குல வந்து சொல்லட்டுமுங்க நடுவர் ஐயா, சொல்லிட்டாருன்னா நான் எதிரணி பெஞ்சுலயே போயி ஒக்காந்துக்கறேன்.