தப்ரீஸ் இளவரசர் கேட்ட கேள்வி

எல்லோருக்கும் மாலை வணக்கம். பாரசீகம், அதாவது இன்றைய ஈரான், என்றாலே சைரஸ், டேரியஸ் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் பின்னால் போய்விடுகிறோம். இன்று அவ்வளவு தூரம் வேண்டாம். 1789இல் பிறந்த அப்பாஸ் மிர்சா என்ற இளவரசரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அப்போது பாரசீகத்தை ஆண்ட கஜார் வம்சத்து மன்னர் ஃபத் அலி ஷாவின் மகன் இவர். ஷாவுக்கு ஐம்பதுக்கு மேல் மகன்கள். அப்பாஸுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், வீரர்தான். ஆனால் அவருடைய தாய் ஜார்ஜியப் பெண். அப்பாஸின் தாயோ கஜார் குலம். பட்டத்து வாரிசு என்ற இடம் இளையவருக்குப் போனது. கூடவே பாரசீகத்தின் வடமேற்கில் இருந்த அஜர்பைஜான் மாகாணமும் வந்தது. அந்த மாகாணத்தின் தலைநகர் தப்ரீஸ், எதிரே ரஷ்யா. 1804இல் போர் தொடங்கியபோது பையனுக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை.

1806இல் நெப்போலியனின் தூதர் ழோபேர் அவரைப் பார்க்க வந்தார். இளவரசர் அவரிடம் கேட்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். உங்களை எங்களுக்கு மேலே கொண்டுபோய் வைத்தது எது? கிழக்கு வளம் குறைந்த மண்ணா? உங்களைத் தொடுவதற்கு முன்பே எங்கள் மேல் படுகிற சூரியன் எங்களுக்கு மட்டும் குறைவாகவா கொடுக்கிறது? உலகத்தின் நடு நாங்கள்தான் என்று நம்பிய ஓர் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை கேட்ட கேள்வி இது. சண்டையில் ஜெயிப்பதைவிட இதைக் கேட்பதுதான் கடினம் என்பேன்.

கேட்டதோடு நிற்கவில்லை. ஐரோப்பிய முறையில் 'நிஸாமே ஜதீத்' என்ற புதுப் படையை உருவாக்கினார். தொடக்கத்தில் ரஷ்யப் படையிலிருந்து ஓடிவந்த ஒருவரை வைத்து, இருபது முப்பது பேராக, தனி முற்றத்தில் பயிற்சி! வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்குமே. பிரபுக்கள் துப்பாக்கி தூக்கக் கூச்சப்பட்டார்கள். இளவரசர் தாமே ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தார். அப்புறம் அவர்களுக்கு வேறு வழியில்லை.

துணைக்கு வந்தவர்கள் கதைதான் வேடிக்கை. 1807இல் பிரெஞ்சு அதிகாரிகள் தெஹ்ரான் வந்து சேர்வதற்குள், நெப்போலியன் ரஷ்யாவின் ஜார் மன்னரோடு கை குலுக்கிவிட்டார். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அதில் ஒருவர் நம்ம மதராஸ் குதிரைப் பீரங்கிப் படையின் லிண்ட்சே, ஆறடிக்கு மேல் எட்டு அங்குலம். பாரசீகச் சிப்பாய்கள் அவரைத் தங்கள் காவிய வீரன் ருஸ்தமோடு ஒப்பிட்டார்களாம். 1812இல் இங்கிலாந்தும் ரஷ்யாவும் நண்பர்கள் ஆனதும் பெரும்பாலோர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். லிண்ட்சேயும் கிறிஸ்டி என்பவரும் தங்கினார்கள். அதே ஆண்டு அஸ்லாந்தூஸ் என்ற இடத்தில் ரஷ்யத் தளபதி கோட்லியரெவ்ஸ்கி அராஸ் நதியைக் கடந்து வந்து எதிர்பாராமல் தாக்கினார். கிறிஸ்டி அங்கேயே மடிந்தார். 1813 குலிஸ்தான் உடன்படிக்கையில் ஜார்ஜியாவும் பாக்கு நகரமும் ரஷ்யாவுக்குப் போயின.

இரண்டாவது போர், 1826. மதகுருமார்களின் ஜிகாத் குரலும் சேர்ந்து இழுத்த போர் அது. முதலில் வெற்றி, பிறகு சரிவு. 1827இல் இளவரசரின் சொந்தத் தப்ரீஸே ரஷ்யர் கையில் விழுந்தது. அடுத்த ஆண்டு துர்க்மன்சாய் உடன்படிக்கை: எரிவான், நக்சிவான் பகுதிகள் போயின, இழப்பீடு பத்துக் குரூர் தோமான். தோமான் என்பது பாரசீக நாணயம். குரூர் என்பது வடநாட்டுக் கரோர், அதாவது கோடி என்ற சொல்தான், ஆனால் அங்கே 5 லட்சம்தான் கணக்கு. அன்று எல்லையாக நின்ற அராஸ், ஈரானின் வடக்கில் இன்றும் எல்லை. அதே உடன்படிக்கையில் இன்னொரு ஷரத்து: அப்பாஸ் மிர்சாதான் பட்டத்து வாரிசு என்று ரஷ்யா ஒப்புக்கொள்கிறது. தோற்கடித்தவனே வாரிசுச் சான்றிதழும் தருகிறான்! அதை வாங்கும்போது அவர் மனசு எப்படி இருந்திருக்கும்?

அந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. 1833இல் மஷ்ஹத் நகரில் இறந்தார், தந்தைக்கு ஓராண்டு முன்னால். அரியணையில் உட்கார்ந்தவர் அவருடைய மகன் முகமது.

சரி, தோற்ற போர்களை மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் கதை. 1815இல் ஐந்து பேரைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். பீரங்கி, பொறியியல், வைத்தியம் என்று ஆளுக்கொன்று. மொழி படிக்கப் போன மிர்சா சாலே, 1819இல் திரும்பும்போது ஓர் அச்சு இயந்திரத்தையும் கொண்டுவந்தார். 1837இல் ஈரானின் முதல் செய்தித்தாளை நடத்தியவர் அவர்தான். பெயர் 'காகஸே அக்பார்': காகஸ் என்றால் காகிதம், அக்பார் என்றால் செய்திகள். ஆங்கிலத்தில் செய்தித்தாளுக்கு உள்ள சொல்லைப் பிரித்து அப்படியே பாரசீகத்தில் வைத்தது. அனுப்பி வைத்தவர் மஷ்ஹத் மண்ணில் அடங்கி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.