கறார்: கோபமில்லாத உறுதி

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கறார். 'ஆள் ரொம்பக் கறார்' என்றதும் நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது, ஈவிரக்கம் இல்லாதவர், பிடிவாதக்காரர் என்று முடிவே கட்டிவிடுகிறோம். அது இந்தச் சொல்லுக்குச் செய்கிற அநியாயம்.

அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல் இது. மலையாளத்தில் கரார் என்றால் ஒப்பந்தம், கன்னடத்தில் கராரு, மராத்தியிலும் கரார், எல்லாம் அதே பொருள்தான். தமிழிலும் கரார்நாமா என்றால் ஒப்பந்தப் பத்திரம். அப்புறம் நம் பேச்சில் ஒப்பந்தம் பின்னால் போய், ஒப்புக்கொண்டதில் நிற்கிற உறுதி முன்னால் வந்துவிட்டது, வல்லின றகரமும் ஏறிக்கொண்டது. எனக்குப் பிடித்ததே இந்த மாற்றம்தான்.

கண்டிப்பு வேறு, அதில் அதட்டல் இருக்கிறது. கெடுபிடியில் அடுத்தவரை நெருக்குவது இருக்கிறது. பிடிவாதத்துக்குக் காரணமே வேண்டாம். கறாருக்கு முன்கூட்டியே பேசிய பேச்சு ஒன்று வேண்டும். கவனித்துப் பாருங்கள், 'கண்டிப்பாக வருகிறேன்' என்போம், 'கறாராக வருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. கறாராகச் சொன்னார், கறாராகக் கேட்டார், கறாராக மறுத்தார், இப்படிப் பெரும்பாலும் வாய்ச்சொல்லோடுதான் அது ஒட்டுகிறது.

என் அத்தை ஒருத்தர் அப்படித்தான். கைமாற்று கேட்டால் கொடுப்பார், ஆனால் திருப்பித் தருகிற தேதியை நம்மையே சொல்லச் சொல்லி, காலண்டரில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் சுழித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். ஒருமுறை இரண்டு நாள் தள்ளிக் கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. "நீதானேப்பா சொன்ன தேதி" என்றார், அவ்வளவுதான், எனக்குக் கோபமாக வந்தது, வேறு இடத்தில் புரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு சமயம் அவர் எனக்குத் தருவதாகச் சொன்ன பணம் அவர் கைக்கே வரவில்லை. தேதிக்கு முந்தின ராத்திரி, மழையில் பாதி நனைந்த புடவையோடு வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு முடியாதுப்பா, சொன்ன சொல்லு தவறுது, அதான் இன்னைக்கே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். போன் செய்திருக்கலாமே அத்தை என்றேன். பதில் சொல்லாமல், என் வீட்டுக் காலண்டரைத் தேடி எடுத்துப் பென்சில் கேட்டார்.