புள்ளின்னா எந்தப் புள்ளி? ஏஐக்குள்ள ஒரு சொல் போற வழி

வணக்கங்க. காரைக்குடியில ஒரு வீட்டு முகப்புல நிக்கிறோம். கீழ பாருங்க, புள்ளிக் கோலம். இன்னைக்கு வீடியோ முழுக்க இந்தப் "புள்ளி"ங்கிற ஒத்தச் சொல்தான்.

கோலத்துல வைக்கிறது புள்ளி. கபடியில எடுக்கிறது புள்ளி. செல்வாக்கான ஆளு பெரிய புள்ளி. இதெல்லாம் எந்த ஊர்லயும் உண்டு. இந்தச் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுல கேட்டா இன்னொரு புள்ளி வரும்: கல்யாணமான புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோவில்ல அவங்க எந்தக் கோவிலோ, அந்தக் கணக்குல ஒரு புள்ளியா ஏறுவாங்க. வரியும் புள்ளிக்கு இவ்வளவுன்னுதான். "எங்க கோவில்ல எத்தனை புள்ளி"ன்னு ஏஐகிட்ட கேட்டா அது எதை எடுத்துக்கும்?

மொதல்ல எழுத்து. நமக்கு இது மூணெழுத்து: பு, ள், ளி. கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோடுக்கு ஆறு: ப 2986, உகரக் குறி 3009, ள 2995, மேல வைக்கிற புள்ளி 3021, திரும்ப ள 2995, இகரக் குறி 3007. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக மொத்தம் 18 பைட். இலக்கணத்துல ள்-தான் மெய், அதோட அகரம் சேர்ந்தா ள. யூனிகோடுல தலைகீழ்: ள-தான் அடி, அதுக்குப் புள்ளி வச்சாத்தான் ள்.

இது வெறும் வேடிக்கையோட நின்னா பரவாயில்ல. பெர்ட்னு கூகுளோட ஒரு மொழி மாடல், அதோட பன்மொழி வடிவத்துல "அன்கேஸ்டு"ன்னு, ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காத ஒரு வகை இருக்கு. ஐரோப்பிய எழுத்துக்கு மேல வர்ற குறிகளை எடுத்துடறதுக்காக அதுல ஒரு படி வச்சிருக்காங்க. யூனிகோடு வகைப்பாட்டுல நம்ம மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் அதே இனம். அதனால அதுவும் சேர்ந்து உதிர்ந்துடும். பல் போய் பல ஆயிரும், தீ போய் த ஆயிரும். பல் வலின்னு எழுதினா பல வலின்னு படிக்கும்! "கேஸ்டு" வகையை எடுங்க, சொல்லை வெட்டற டோக்கனைசர்ல "ஸ்ட்ரிப் ஆக்சென்ட்ஸ்"ங்கிற, குறியை எடுக்கிற செட்டிங் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்குங்க.

இன்னொரு தொல்லை "கொட்டான்"ங்கிற சொல்லு, அதான் நம்ம ஊர் ஓலைப் பெட்டி. அதுல வர்ற ஒகரக் குறியை ஒரே எண்ணாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், மெஷினுக்கு வேற வேற சொல். ரெண்டையும் ஒரே வடிவமாக்கற என்எஃப்சி நார்மலைசேஷன் ஒரு தடவை ஓட்டினா சரியாயிரும். ஆனா காலுக்குப் பதிலா 'ர' தட்டியிருந்தா அதுவும் காப்பாத்தாது.

இனிமேதான் பொருள். டோக்கனைசர் சொல்லைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கும். அந்த எண்ணைப் பாத்து எந்தப் பொருளையும் ஊகிக்க முடியாது. பள்ளிக்கூடத்துல படிச்ச இடுகுறிப் பெயர் ஞாபகம் இருக்கா? அதேதான், சுத்தமான இடுகுறி. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல், அதுக்கு மூணாவது சொல்னு அகராதிக்குள்ளயே சுத்தினா பொருளை எங்க போய்த் தொடறதுன்னு ஸ்டீவன் ஹார்னாட் 1990ல கேட்ட கேள்விக்கு இன்னும் வாதம் ஓடிக்கிட்டிருக்கு. மெஷின் இப்போதைக்குச் செய்யறது, பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு எண்ணிப் பாக்கறது.

கணக்காவே போடுவோம். ஓலை, கை, நூல்னு மூணு பக்கத்துச் சொல். எண்ணிக்கை நான் சும்மா வச்சுக்கிட்டது. கொட்டான் பக்கத்துல அந்த மூணும் வரிசையா 4, 3, 0 தடவை. கூடை 2, 3, 0. கண்டாங்கிச் சேலை 0, 1, 4. ரெண்டு எண் வரிசை எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்ற அளவு கொசைன், 1க்கு நெருங்க நெருங்க ஒற்றுமை அதிகம்; கொட்டானுக்கும் கூடைக்கும் அது 17 வகுத்தல் 18.03, அதாவது 0.94. கொட்டானுக்கும் கண்டாங்கிக்கும் 0.15. ஓலையைத் தொட்டே பாக்காம கொட்டான் கூடைக்குச் சொந்தம்னு கண்டுபிடிச்சாச்சு. இதுல ஒரு ஓட்டையும் உண்டு. மேலே, கீழே ரெண்டுக்கும் ஒரே அக்கம்பக்கம்தான், அதனால எதிர்ச்சொல்லும் நெருங்கி வந்து உக்காந்துக்கும்.

இந்த மாதிரி எண் வரிசைக்குத்தான் வெக்டர்னு பேரு; 2013ல வந்த வேர்ட்டுவெக்ங்கிற முறையில சொல்லுக்கு ஒரே ஒரு வெக்டர்தான். கோலம், கபடி, கோவில் மூணு புள்ளியும் ஒரே குழம்பாயிரும். எந்தப் பொருள் அதிகமா எழுதப்பட்டிருக்கோ அந்தப் பக்கம் சாயும், நகரத்தார் புள்ளி கரைஞ்சே போயிரும். 2017ல டிரான்ஸ்ஃபார்மர்ங்கிற மாடல் அமைப்பு, 2018ல அதை வச்சுக் கட்டின பெர்ட். அதுக்கப்புறம் வாக்கியத்துக்கு வாக்கியம் வெக்டர் மாறுது. பக்கத்துல "வரி" இருந்தா ஒரு பக்கம் நகரும், "மாவு" இருந்தா வேற பக்கம்.

நீங்களே சோதிக்கலாம். இந்திய மொழிகளுக்காக கூகுள் விட்ட மியூரில் மாடலை எடுங்க. கோலத்துக்கு 10, ஆட்டத்துக்கு 10, கோவிலுக்கு 10 வாக்கியம் எழுதுங்க. எல்லாத்துலயும் "புள்ளி"ன்னே இருக்கட்டும். "புள்ளிக்கு", "புள்ளியா" கலந்தா துண்டு வேற மாதிரி விழும். கடைசி அடுக்குல அந்தச் சொல்லோட 768 எண்ணை எடுங்க, பல துண்டா உடைஞ்சிருந்தா சராசரி போடுங்க. உடனே கொசைனுக்குப் போயிடாதீங்க. சம்பந்தமே இல்லாத வாக்கியத்துக்கும் ஒற்றுமை பெருசா காட்டும். 30 வெக்டரோட சராசரியை ஒவ்வொண்ணுலயும் கழிச்சுட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

பெரும்பாலும் கோட்டை விடறது இங்கதான்: கோவில் வாக்கியம் பத்துலயும் "கோவில்"னு சொல்லே வந்துடும். அப்போ மாடல் பிரிக்கிறது புள்ளியை இல்ல, கோவிலை. அதனால கோலத்துப் பட்டியல்ல "கோவில் வாசல்ல 21 புள்ளி வச்ச கோலம்"னு ஒண்ணு போடுங்க. இந்தப் பக்கம் கோவிலே இல்லாம, "அண்ணனுக்குக் கல்யாணமாயிருச்சு, இனி அவர் தனிப் புள்ளி"ன்னு ஒண்ணு. இந்த அண்ணன் கோலத்துப் பக்கம் போய் ஒட்டினார்னா, மாடலுக்கு நம்ம ஊர்ப் புள்ளி இன்னும் தெரியலன்னு வச்சுக்குங்க. விளக்கம் எழுதி ஊட்டினா பத்தாது, இதே மாதிரி விதவிதமான வாக்கியம் நூத்துக்கணக்குல வேணும்.