ஆமா போடுகிற ஆள்

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருடமாக நாவல் எழுதுகிறேன். அதில் பாதிக் காலம் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கதை கேட்கச் சொல்லிக்கொடுக்கலாம். என் பாடமே அதுதான்.

நம்ம குமரி மாவட்டத்து ஊர்களில் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். சில இடத்தில் ஆமா போடாமல், ‘அதெப்படி?’ என்று கேட்பார். நமக்கு வருகிற சந்தேகத்தைத்தான் அவர் கேட்கிறார். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலில்கூட தாமோதர ஆசான் கதை சொல்ல, சுற்றிலும் கேட்கிற பையன்கள் இருக்கிறார்கள் அல்லவா?

அதனால் என் வகுப்பில் எழுதிய தாளை மடித்து வைக்கச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும். அவர் ஆமா போட வேண்டும். ஆமா இழுத்துக்கொண்டு வருகிற இடத்தில் கதை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி 2017 ஒக்கிப் புயலை எழுதி வந்தாள். அப்பா கடலுக்குப் போயிருந்த சமயம். தாளில் கடல் பொங்கியது, நெஞ்சு பதறியது, கண்ணீர் பெருகியது. வாயால் சொன்னபோதும் அதையேதான் சொன்னாள். ஆமா போட வேண்டியவள் சும்மா இருந்தாள். அப்புறம் மெதுவாக, “அந்த நாளெல்லாம் உனக்க அம்ம என்ன செய்தா?” என்று கேட்டாள்.

இவள் கொஞ்சம் யோசித்தாள். ஊரில் கரண்ட் இல்லை. கோயிலில் ஜெனரேட்டர் ஓடியது. அம்மா தினமும் விடியும் முன்னே அங்கே நடந்து போய், வரிசையில் நின்று, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவாள். வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சொந்தக்காரர்கள் விசாரிக்கக் கூப்பிட்டாலும், “வையுங்க, லைன் ஃப்ரீயா இருக்கட்டும்” என்பாளாம்.

வகுப்பில் சத்தமே இல்லை. அவள் எழுதாமல் விட்டது இதைத்தான். வேண்டாம் என்று விடவில்லை. இதெல்லாம் ஒரு கதையா என்று நினைத்திருக்கிறாள். கேட்க ஆள் இருந்ததால் வெளியே வந்தது. திரும்பவும் சொல்கிறேன், கேட்க ஆள் இருந்ததால்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பேச்சு வழக்கு பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். நம்முடையது 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மண், மலையாளம் கலந்த பேச்சு. அதை எழுதும்போது எல்லாச் சொல்லையும் உடைக்க வேண்டாம். ‘எனக்க’, ‘உனக்க’ என்று இரண்டு இடத்தில் வந்தால் போதும், மீதியை வாசிப்பவர் காது பார்த்துக்கொள்ளும். வணக்கம்.