வன்னி வீட்டில் ஒரு கொக்கர் ஸ்பானியல்

[காட்சி: செம்மண் வளவு. விறாந்தைப் படியில் பொன்னிறக் கொக்கர்.]

வணக்கம். நீளக் காதையும் பெரிய கண்ணையும் கண்டு மயங்கித்தான் பலர் இந்த நாய்க்குட்டியை வாங்குகிறார்கள். வன்னியில் இதற்கு வரும் தொல்லைகளும் பெரும்பாலும் அந்தக் காதிலும் மயிரிலும்தான் தொடங்குகின்றன.

இங்கிலாந்தில், பற்றைக்குள் பதுங்கும் வூட்கொக் பறவையைக் கிளப்பிவிட வளர்த்த வேட்டை இனம் இது. கொக்கர் என்ற பெயரும் அந்தப் பறவையால் வந்ததே. தோள் உயரம் 38 முதல் 41 சென்ரிமீற்றர், நிறை 13 முதல் 14.5 கிலோ. அமெரிக்கன் கொக்கர் வேறு: உருண்ட தலை, குட்டை மூஞ்சி, இன்னும் அடர்ந்த மயிர். எங்கள் வெக்கைக்கு இங்கிலிஷ் கொக்கரே பரவாயில்லை.

வளவுக்குக் காவல்தான் வேண்டுமென்றால் ஊர் நாயை வளருங்கள். கொக்கர் ஆட்களோடு ஒட்டி வாழ்வது. மரத்தடியில் சங்கிலியோடு விட்டால் ஓயாமல் குரைக்கும், காலை நக்கி நக்கிப் புண்ணாக்கும்.

[காட்சி: காது மடலைத் தூக்கிப் பிடித்த கை.]

நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போல, முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்புகிறது. அடியில் தேங்கிய தண்ணீர் இலகுவில் வெளியே வராது. கனத்த மடல் மேலே மூடியிருப்பதால் காற்றும் படாது. அந்த ஈரச்சூட்டில் பூஞ்சணமும் பக்ரீரியாவும் பெருகும். ஐப்பசி மழை தொடங்கினால் இன்னும் மோசம்.

கிழமைக்கு ஒருமுறையும், குளிப்பாட்டிய பிறகும் மடலைத் தூக்கி மணந்து பாருங்கள். புளித்த மணமோ சிவப்போ கபில அழுக்கோ இருந்தால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் கழுவும் மருந்தே கெடுதல் செய்யும். சுகமான காதென்றால், வைத்தியர் தரும் திரவத்தைக் குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பக்கத்தை அரை நிமிடம் பிசையுங்கள். நாய் தலையை உதறட்டும். வெளியே வந்த அழுக்கை மட்டும் பஞ்சால் துடையுங்கள். காட்டன் பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும். தேங்காய் எண்ணெயும் விட வேண்டாம்.

சாப்பாட்டுக் கோப்பை ஒடுங்கி ஆழமாக இருக்கட்டும். காது வெளியே தொங்கும், சோற்றில் தோயாது.

கோடையில் ஊசிப்புல். அதன் விதை முன்னோக்கித்தான் நகரும், பின்னால் வராது. உலாவி வந்ததும் நாய் திடீரென ஒரு காதை மட்டும் உதறித் தலையைச் சரித்தால், உள்ளே விதை போயிருக்கலாம். நீங்கள் தோண்டாமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

[காட்சி: கால் விரல்களை விரித்துப் பார்த்தல்.]

உண்ணியை ஒவ்வொரு பின்னேரமும் தேடுங்கள்: காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே, கமக்கட்டில், விரலிடுக்கில். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை விடும், முரசு வெளிறும், சிலவேளை மூத்திரம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும். அப்போது ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்க்கு ஊற்றாதீர்கள். அளவு பிசகினால் நஞ்சாகிவிடும்.

முதுகு மயிரை ஒட்ட வழிக்க வேண்டாம், தோல் வெயிலில் வெந்துபோகும். வயிற்றடி, காதின் உட்புறம், பாதம் ஆகியவற்றில் மட்டும் குறையுங்கள். காதுக்குப் பின்னால்தான் சிக்கு விழும்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால் போதும்.

உலாத்தல் விடியற்காலையிலும் பொழுதுபட்டும்தான். புறங்கையை 5 விநாடி தார் வீதியில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. தண்ணீரைக் கண்டால் இந்த இனம் பாய்ந்துவிடும், எங்கள் குளங்களிலோ முதலை உண்டு. கரையில் பட்டியை அவிழ்க்காதீர்கள். வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சலும் இருப்பதால் அதற்கான தடுப்பூசியையும் கேட்டுப் போடுங்கள். விசர்நாய்க்கடி ஊசி வருடந்தோறும் கட்டாயம்.

மிஞ்சிய கறிச்சோறு கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கொக்கர் எவ்வளவு கொடுத்தாலும் தின்னும். தடவும்போது விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் சாப்பாட்டைக் குறையுங்கள்.

குட்டி வாங்கப் போனால் 8 கிழமை ஆன குட்டியாகப் பாருங்கள். பார்வையை மெல்ல அழிக்கும் கண்நோயும், இளவயதிலேயே வரும் சிறுநீரக நோயும் இந்த இனத்தில் பரம்பரையாக வருவதுண்டு. தாய் தகப்பனுக்குப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கையோடு தாய் நாயின் காது மடலையும் தூக்கி மணந்து பாருங்கள்.